மேற்றளத்துக் கருங்கோடுகள்

திருகோணமலை உள்துறையிலே நங்கூரமிட்டுக் கிடக்கும் பாய்ப்படகுகளைக் கரையில் நின்று நோக்குவோர், அவற்றுட் சிலவற்றின் மேற்றளம் கோடு போட்ட துணியை விரித்தாற்போலத் தோன்றுவதைக் கண்டிருப்பர். வெளிறிய மரப்பலகைகள்; அவற்றினிடையே சிறு விரலின் பாதி அகலமும் இல்லாத கரிய கோடுகள். அக்கோடுகள் படகின் விளிம்போடு சேர்ந்து வளைந்து, அணியத்தை நோக்கிச் சென்று நடுப்பலகையிலே முடிகின்றன. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றது. அழகுக்காகவே வரையப்பட்ட கோடுகள் எனப் பலரும் எண்ணுகின்றனர். இக்காலத்தில் அதே தோற்றத்தைச் செயற்கைப் பொருளிலே அச்சிட்டுச் சுருளாக விற்கிறார்களாகையால், அவ்வாறு எண்ணுவதில் வியப்பும் இல்லை.

ஆனால் மரத்தாற் கட்டிய படகிலே அந்தக் கோடு வரையப்படுவதன்று, அடைக்கப்படுவது. பலகைக்கும் பலகைக்கும் இடையே விடப்பட்ட வாய்க்குள் பஞ்சையும் கீலையும் இட்டு நிரப்பியதனாலே பிறந்த கோடு அது. மேற்றளம் ஒழுகுவதும் ஒழுகாதிருப்பதும் அக்கோட்டிலேயே தங்கியிருக்கின்றன. படகின் ஆயுளும் அதனோடு சேர்ந்தே தங்கியிருக்கின்றது. எவ்வாறென்பதை இனிப் பார்ப்போம்.

நம் கரையோர மக்களின் பழைய கலங்களுக்கு மேற்றளம் என்பதொன்று பெரும்பாலும் இருந்ததில்லை. கட்டுமரத்துக்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. வள்ளம் திறந்தே கிடக்கும். மழை பெய்தால் இறைத்துவிடுவர். கரையில் இழுத்துவிட்டால் வெயில் உலர்த்திவிடும். மேற்றளம் இட்ட படகுக்கு இந்த வசதி இல்லை. அதன் உள்ளிடம் இருண்டது, காற்றோட்டம் குறைந்தது. மேலேயிருந்து ஒரு துளி நீர் உள்ளே கசியுமாயின் அது அங்கேயே தங்கிவிடும்.

அந்த நீர் கடல்நீராயின் பெருங்கேடு இல்லை. உப்பு மரத்தை உளுக்க விடாது. மழைநீரே பகை. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் நூற்றுக்கு 20 இற்குக் கீழே இருக்குமட்டும் பூஞ்சணம் வளராது. அதற்கு மேலே சென்று அங்கேயே நிலைத்துவிட்டால், தளத்தைத் தாங்கும் விட்டத்தின் நுனியும், அவ்விட்டம் அமர்ந்திருக்கும் நெடுஞ்சட்டமும் கண்ணுக்குத் தெரியாமலே பஞ்சாகிவிடும். அடிப்பாகத்தில் ஓட்டை விழுந்து அழிந்த மரப்படகுகளைவிட, மேலே ஒழுகி அழிந்தவையே மிகுதி என்பது என் கருத்து. அடியில் ஓட்டை விழுந்தால் அன்றே தெரியும். மேலே ஒழுகினால் ஐந்தாண்டு கழித்தே தெரியும்.

திருகோணமலையின் காலநிலை இவ்விடயத்தில் மிகவும் கடுமையானது. ஐப்பசி தொடங்கித் தை வரையில் வாடைக்காற்றோடு மழை கொட்டும். ஆண்டு மழையிற் பெரும்பகுதி இந்த நாலு மாதங்களுக்குள் விழுந்துவிடுகின்றது. பின்னர் வைகாசி முதல் ஆவணி வரையிற் கச்சான் வீசும். மலைநாட்டைத் தாண்டி, மழையை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, வெப்பமும் வறட்சியுமாக வந்து சேரும் காற்று அது. ஆகவே ஒரே தளம் ஆண்டில் ஒருமுறை நனைந்து பருக்கின்றது. ஒருமுறை காய்ந்து சுருங்குகின்றது. ஐரோப்பாவின் குளிர்க்கரையிலே ஒழுகாதிருந்த தளம் இங்கே கச்சானில் வாய்பிளந்து, அடுத்த வாடையில் ஒழுகுவது இதனாலேயே.

மரம் எவ்வளவு சுருங்கும்? நாரின் நீளப்போக்கிலே அது கணக்கிற்கொள்ளத்தக்க அளவு சுருங்குவதில்லை, அகலத்திலேயே சுருங்கும். அகலத்திலும் இருவகை உண்டு. ஆண்டு வளையங்களின் போக்கிலே சுருங்குவது மிகுதி. வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது மரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கிலே, சுருங்குவது குறைவு. பச்சைத் தேக்கு முற்றாக உலரும்போது முதல் வகையில் நூற்றுக்கு 5.8 பங்கும், இரண்டாம் வகையில் 2.5 பங்கும் சுருங்குவதாக அளந்திருக்கின்றனர். எனவே மேற்றளப் பலகையை, வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் நார்கள் நெருக்கமான நேர்கோடுகளாகத் தெரியும். மலைமலையாக, சுடர்சுடராகப் பூ விழுந்த பலகை அலுமாரிக் கதவுக்கு அழகு, தளத்துக்கு ஆகாது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் கோடுகளின் காரணம் விளங்கும். வாடைக்கும் கச்சானுக்கும் இடையில் பலகையின் ஈரம் நூற்றுக்கு 18 இலிருந்து 10 ஆக இறங்குகின்றது என்று கொள்வோம். 8 அங்குல அகலமுடைய, பூ விழுந்த பலகையை இட்டிருந்தால் அது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் ஒடுங்கும். அந்த 3 மில்லிமீற்றரும் ஒரே பொருத்துவாயிலே திறக்கும். எந்த அடைப்பும் அதைத் தாங்காது. 2 அங்குல அகலமுடைய நேர்நார்ப் பலகையாயின் ஒடுங்குவது ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கே. அதனை இழுபடும் தன்மையுள்ள எந்த அடைப்பும் தாங்கிக்கொள்ளும். பலகை ஒடுக்கமாக இருப்பதும், கோடுகள் பலவாக இருப்பதும் இதற்காகவே. மரத்தின் அசைவைத் தடுக்க முடியாது. பல வாய்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம்.

தளத்துக்குத் தேக்கே சிறந்தது என்பதில் ஓடாவிமாரிடையே கருத்து வேற்றுமை இல்லை. அதன் உடலிலே எண்ணெய் உண்டு. பூச்சியும் பூஞ்சணமும் எளிதிற் பற்றா. நனைந்தாலும் கால் வழுக்காது. இரும்பாணியையும் ஓக்கு மரம் அரிப்பதுபோல அரிக்காது. இந்த ஊரின் பெயரையே தாங்கிய ஒரு கப்பல் இதற்குச் சான்றாக இன்றும் மிதக்கின்றது. 1782 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய கடற்போரின் நினைவாக ‘திருகோணமலை’ எனப் பெயர் சூட்டப்பட்ட போர்க்கலம் அது. நெப்போலியப் போர்களினால் இங்கிலாந்தில் ஓக்கு மரம் அருகிவிட்டமையால், பம்பாய்த் துறையிலே பார்சி இனத்தவராகிய வாடியா குடும்பத்துத் தலைமை ஓடாவி ஜாம்செட்ஜி பொமன்ஜியிடம் அதனைக் கட்டும் பணி ஒப்படைக்கப்பட்டது. முதலில் அனுப்பிய வரைபடங்கள் 1812 இல் ‘ஜாவா’ என்னும் கப்பலோடு தொலைந்தன, மறுபடி அனுப்பவேண்டியதாயிற்று. 1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் திகதி அது நீரில் இறக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிலே, மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது என்னும் புகழோடு அது நிற்கின்றது. ஓக்கினாற் கட்டிய அதன் உடன்பிறப்புக் கப்பல்களிற் பல எப்பொழுதோ மறைந்தன.

தேக்கு இலங்கைக்கு உரிய மரமன்று. ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. தோட்டத்தில் விரைவாக வளர்ந்த தேக்கிலே வெள்ளைப்பாகம் மிகுதி, எண்ணெய் குறைவு. வெள்ளைப்பாகத்தைக் கண்டால் இரக்கமின்றிச் சீவி எறியவேண்டும். காட்டிலே நூறாண்டு நின்ற பர்மாத் தேக்குக்கு உலகெங்கும் மதிப்புண்டு. எனினும் 2021 ஆம் ஆண்டில் மியன்மாரின் அரச மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்ததன் பின்னர் அதனைப் பெறுவது கடினமாயிற்று. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்குத் தூணும் தீராந்தியும் இக்காலத்தில் ஓடாவிக்குப் பெரும் செல்வம். ஆணி இருந்த இடத்தை மட்டும் ஒதுக்கி அறுத்தால், அறுபது எழுபது ஆண்டு உலர்ந்த மரம் கைக்கு வரும்.

தளப்பலகை தேக்காயினும் அதனைத் தாங்கும் விட்டங்களுக்கு வெளியூர் மரம் தேடவேண்டியதில்லை. சிங்களத்தில் ஹல்மில்ல எனவும் தமிழிற் சவண்டலை எனவும் வழங்கும் மரத்தை உலக வாணிபம் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தது. நேரான நார், வளைந்து கொடுக்கும் உறுதி, எளிதில் வெடிக்காத தன்மை ஆகியவற்றால் அது பெயர்பெற்றது. சென்னைக் கரையின் அலைகளை ஊடறுத்துச் சென்ற மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்தே அது கப்பலேறிப் போயிற்று. தேக்கைவிடக் கனமானதாகையால் தளம் முழுவதையும் அதனால் இடுவது நன்றன்று. உயரத்திலே பாரம் ஏறினால் சிறு படகு தள்ளாடும். விட்டத்துக்கோ அதனைவிடப் பொருத்தமான மரத்தை நான் அறியேன்.

விட்டங்கள் நேராக இருத்தல் கூடாது. நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த வில்லைப்போல வளைந்திருத்தல் வேண்டும். படகின் அகலத்தில் ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரையில் எழுச்சி கொடுப்பர். 7 அடி அகலப் படகுக்கு 3 அங்குலம் போதும். நீர் வழிந்தோடுவதற்கு மட்டுமன்று இவ்வளைவு. பலகைகள் வில்லின்மேல் அழுந்திக் கிடப்பதால் தளம் முழுவதும் இறுகி நிற்கும்.

விட்டங்கள் அமைந்தபின் முதலில் வைப்பது படகின் விளிம்பைச் சுற்றிவரும் ஓரப்பலகை. அதன்பின் அணியத்திலிருந்து கடையார் வரை நடுவே செல்லும் நடுப்பலகை. இவ்விரண்டும் அகலமானவை. இவற்றுக்கிடையே ஒடுங்கிய பலகைகளை இடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பலகைகளை நேராகவே இட்டு, அவற்றின் நுனிகளை ஓரப்பலகையில் முடிப்பது எளிய வழி. ஓரப்பலகையின் வளைவோடு ஒட்டி ஒவ்வொன்றாக வளைத்து, நுனிகளை நடுப்பலகையில் முடிப்பது கடினமான வழி; கண்ணுக்கு இனியதும் அதுவே. வளைத்த பலகை எப்பொழுதும் நிமிர முயலும். ஆகவே முதற் பலகையை ஓரத்திலே இறுக்கி, அடுத்ததை அதனோடு ஆப்பு வைத்து நெருக்கி, வலப்புறம் ஒன்று இட்டால் இடப்புறமும் ஒன்று இட்டு, சமமாகவே நடுவை நோக்கி வரவேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் செல்வோமாயின் படகின் உருவமே சற்றுத் திருகிவிடக்கூடும்.

வளைந்து வரும் பலகை நடுப்பலகையைச் சாய்வாகச் சந்திக்கும். சாய்வாகவே சீவிவிட்டால் நுனி கத்திமுனைபோற் கூர்மையாகிவிடும். கூர்மையான நுனிக்கு ஆணி நில்லாது. அதன் பக்கத்திலே பஞ்சை அறைந்தால் நுனி பிளந்துபோம். இதற்கு ஓடாவிமார் ஓர் அளவு வைத்திருக்கின்றனர். சீவிய சாய்வின் நீளம் பலகையின் அகலத்தில் இருமடங்கை மிஞ்சுமாயின், நுனியை மழுக்கி, பலகையின் அரைவாசி அகலத்துக்கு ஒரு முகம் விட்டு, அந்த முகம் போய் அமர்வதற்கு நடுப்பலகையிலே ஒரு படி வெட்டவேண்டும். இரு புறமும் இப்படிகள் வரிசையாக அமைந்த நடுப்பலகை ஒரு மீனின் முதுகெலும்பை ஒத்திருக்கும். ஒரு தளத்தை யார் இட்டார், எவ்வளவு பொறுமையோடு இட்டார் என்பதை அறிய விரும்புவோர் நேரே சென்று இந்த இடத்தைப் பார்த்தாற் போதும்.

பலகைகளை வெண்கலத் திருகாணியால் விட்டத்தோடு பிணைப்பர். ஆணித்தலை மூன்றிலொரு பங்கு ஆழத்திலே புதைந்திருக்க, மேலே உள்ள குழியைத் தேக்குக் குமிழால் அடைப்பர். குமிழின் நார் பலகையின் நாரோடு ஒரே போக்கிலே நிற்கவேண்டும். குறுக்காக நின்றால் அது வேறு திசையிற் பருத்துத் தானே வெளியே எழும்பும்.

இனிக் கலப்பற்று. பொருத்துவாய்களைப் பஞ்சிட்டு அடைக்கும் வேலைக்கு நம் துறைமுகங்களில் வழங்கிய பெயர் அது. அராபியரும் போர்த்துக்கேயரும் பிறரும் ஏறக்குறைய இதே சொல்லைத் தத்தம் வாய்க்கேற்ப வழங்கினர். இரு பலகைகளும் அடிப்பாதியில் ஒன்றையொன்று முட்டி நிற்கும். மேற்பாதியில் ஆப்பு வடிவாக விரிந்து, மேலே எட்டிலொரு அங்குலமோ சற்றுக் கூடவோ வாய் திறந்திருக்கும். பெருங்கப்பலுக்குப் பழங்கயிற்றைப் பிரித்துத் தார் தோய்த்த நார். சிறு படகுக்குப் பருத்திப் பஞ்சுத்திரி. திரியைச் சிறு சிறு மடிப்பாக வாயிலே வைத்து, முனை மழுங்கிய கலப்பற்று உளியால் உள்ளே செலுத்துவர். அதற்குரிய கொட்டாப்புளி தனிவகை: தலை நீண்டது, இரு பக்கமும் நீளமாகப் பிளவு விட்டது. அப்பிளவினால் ஒவ்வோர் அடியும் மணிபோல ஒலிக்கும். பஞ்சு இளகிக் கிடக்கும்பொழுது ஒலி மந்தமாகவும், இறுகியதும் தெளிவாகவும் எழும். கைதேர்ந்தவன் கண்ணை மூடிக்கொண்டும் இந்த ஒலியினாலேயே போதிய அளவு அடித்தாயிற்றா என்று சொல்லிவிடுவான். மிகையாக அடிப்பதும் குற்றமே. பலகைகள் விலகி, விட்டத்தின் திருகாணியே தளர்ந்துவிடும்.

பஞ்சின் மேலே கீல் வார்ப்பர். தனிக் கீல் கச்சான் வெயிலில் இளகிக் காலில் ஒட்டும், குளிரிலே வெடிக்கும். ஆதலால் குங்கிலியம், கொழுப்பு, எண்ணெய் என்பவற்றுள் ஏதேனுமொன்றை ஊருக்கேற்பச் சேர்த்துக் காய்ச்சுவர். கரிய கோடு பிறப்பது இந்த நேரத்திலேதான். பஞ்சு நீரைத் தடுக்கின்றது. கீல் பஞ்சைக் காக்கின்றது. பலகை நனைந்து பருக்கும்பொழுது இரண்டையும் இறுக்கிப் பிடிக்கின்றது. இந்த மூன்றும் கூடிச் செய்யும் வேலையை நம் வடகரை ஓடாவிமார் எவ்வளவு தேர்ந்திருந்தனர் என்பதற்கு வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ சான்று. ஏறக்குறைய 90 அடி நீளமான அப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கிப் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகளோடு புறப்பட்ட அது, செங்கடலின் வறட்சியையும் அத்திலாந்திக் மாகடலின் ஈரத்தையும் ஒரே பயணத்திற் கண்டு, 1938 ஆம் ஆண்டில் மாசச்சூசெற்சு மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தது. தளமும் உடலும் வாய் பிளந்திருந்தால் அப்பயணம் நிறைவேறியிராது.

இக்காலத்து முறை வேறு. விட்டங்களின்மீது முதலிற் கடலுக்கேற்ற ஒட்டுப்பலகையை இட்டு, கண்ணாடி நார்த்துணியை எப்பொக்சிப் பசையிலே தோய்த்து அதன்மேற் போர்த்துவர். நீரைத் தடுப்பது அதுவே. அதன்மேல் 10 அல்லது 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள தேக்குப் பட்டிகளை ஆணியின்றி ஒட்டி, 5 மில்லிமீற்றர் வாய்களிலே கரிய இறப்பர்ப் பசையை நிரப்புவர். பழமையை விரும்புவோர் இதனைப் போலி என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பலகையும் அசைகின்றது, கோடும் அவ்வசைவைத் தாங்குகின்றது, தொழில் அதுவேயன்றோ? ஆனால் ஒரு நுட்பத்தை அறியாமற் செய்வோர் பலர். இறப்பர்ப் பசை இரு பக்கச் சுவர்களிலும் மட்டுமே பற்றவேண்டும். வாயின் அடியிலும் பற்றிக்கொண்டால் இரு புறமும் சுவர்கள் விலகும்பொழுது நடுப்பாகம் இழுபட இடமின்றி ஏதேனும் ஒரு சுவரைவிட்டுக் கிழிந்துவிடும். ஆதலால் அடியிலே பசை ஒட்டாத ஒரு மெல்லிய நாடாவை முதலில் இடவேண்டும். தேக்கின் எண்ணெயும் பசையை ஒட்டவிடாது. சுவர்களை ஆவியாகும் கரைப்பானால் துடைத்து, அன்றே நிரப்பிவிடவேண்டும்.

எம்முறையாயினும் வேலைக்குரிய காலம் ஒன்றே. வாடை மழையிற் பருத்த பலகைக்குக் கலப்பற்று இட்டால் கச்சானிலே வாய் திறக்கும். கச்சானின் உச்சியிற் காய்ந்த பலகைக்கு இறுக்கி அடித்தால் மழையிலே பருத்து ஓரப்பலகையையே தள்ளும். திருகோணமலையில் மாசி, பங்குனி மாதங்களே நடுவானவை. பலகையை அதற்கு முன்னரே நிழலில் அடுக்கி, இடையிடையே குச்சி வைத்து, ஊரின் காற்றுக்குப் பழகவிட்டிருத்தல் வேண்டும்.

முடிந்த தளத்துக்கு மெருகெண்ணெய் பூசவேண்டாம். வழுக்கும், உரியும், உரிந்த இடத்தில் ஈரம் புகும். மாலைதோறும் இரண்டு வாளி கடல்நீர் ஊற்றினாற் போதும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைச் சற்றே பிடித்துவைப்பதால் மரம் கச்சானிலே ஒரேயடியாகக் காய்ந்துபோகாது. தேய்ப்பதானால் மெல்லிய தூரிகையால் நாருக்குக் குறுக்கே தேய்க்கவேண்டும். நாரின் போக்கிலே தேய்த்தால் மென்மையான பாகம் அரித்துப்போய், வன்மையான பாகம் வரப்புகளாக நிற்கும். பிறகு கோடுகள் பலகைக்கு மேலே துருத்தி நின்று காலிலே தட்டும். ஓராண்டிற் பலகை வெள்ளி நிறம் கொள்ளும். அது பழுதன்று.

ஐப்பசியின் முதல் மழைக்கு முன்னர்த் தளத்தின் கீழே சென்று, விட்டங்களின் பக்கங்களிலும் நுனிகளிலும் உலர்ந்த சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து வைப்பது நல்ல வழக்கம். மழை விட்டபின் விளக்கோடு சென்று பார்த்தால், நீர் வந்த இடத்திலே சுண்ணக்கோடு கரைந்திருக்கும். அந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடலாகாது. நீர் விட்டத்தின் வழியே ஓரிரு அடி ஓடிவந்தே சொட்டும். விட்டம் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தாழ்கின்றதாகையால், கரைந்த இடத்திலிருந்து படகின் நடுவை நோக்கி ஒவ்வொரு பொருத்துவாயாகத் தேடிச் செல்லவேண்டும்.